கரண்ட் வைத்த குழந்தைகள்

1962-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் செயின்ட் ஜூட் மருத்துவமனை திறந்தபோது, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேர் பிழைத்தால் அதிகம். மருந்துக்கு நோய் அடங்கும். மூளையைச் சுற்றிய சவ்வில் பதுங்கியிருந்து சில மாதத்தில் திரும்பும். அங்கிருந்த டொனால்ட் பிங்கல் அந்தப் பதுங்கிடத்தையே குறிவைத்தார். தலைக்குக் கதிர்வீச்சு, முதுகுத்தண்டில் ஊசி, பிறகு வருடக்கணக்கில் மாத்திரை. 1967-68-இல் இப்படிச் சிகிச்சை பெற்ற 35 குழந்தைகளில் பாதிப்பேர் தேறினார்கள்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1960-லேயே குழந்தைகளுக்குத் தனி வார்டு உண்டு. எண்பதுகளின் நடுவில் அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் இயன் மக்ராத்துடன் சேர்ந்து எம்.சி.பி. 841 என்ற பொதுவான சிகிச்சைமுறையை வகுத்தன. அதிலும் தலைக்குக் கதிர்வீச்சு இருந்தது.

நான் படுத்திருந்தது வேறோர் ஊரில். வைத்தியம் ஏறக்குறைய இதுதான். எனக்கு ஏழு வயது. நெற்றிப்பொட்டில் ஊதா மையால் கோடு போட்டு "கரண்ட்" வைத்தார்கள்; கதிர்வீச்சை அப்படித்தான் சொல்வார்கள். சிவப்பு மருந்து ஏறினால் சிறுநீரும் சிவப்பாகப் போகும். ரத்தம்தான் போகிறதென்று அம்மா அலறியது நினைவிருக்கிறது. ஐந்து வருடம் கழித்து, "குணமாயிடுச்சு, இனி வரவேண்டாம்" என்றார்கள். வாசலில் அடுத்த குழந்தை காத்திருந்த காலம் அது.

குணமானால் மட்டும் போதாது என்று ஜூலியோ டாஞ்சியோ என்ற மருத்துவர் 1975-லேயே எழுதினார். 1970 முதல் 1986 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் சிறுவயதில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்களைத் தேடிப்பிடித்து விசாரிக்கும் பெரிய ஆய்வு 1994-இல்தான் தொடங்கியது. 2006-இல் முடிவு வந்தது. பத்தாயிரத்துச் சொச்சம் பேர், சராசரியாக இருபத்தேழு வயதுகூட ஆகாதவர்கள். அவர்களில் 62 சதவீதத்தினருக்கு ஏதாவதொரு நாள்பட்ட நோய். கால்வாசிக்கும் மேற்பட்டோருக்கு அது கடுமையானது. சிவப்பு மருந்து இதயத்தசையைத் தளர்த்தியிருந்தது. கதிர்வீச்சு வளர்ச்சியையும் நினைவாற்றலையும் குறைத்திருந்தது. சிலருக்குப் பல வருடம் கழித்து மூளையில் புதுக்கட்டி. பிங்கலின் செயின்ட் ஜூடே பிற்பாடு தலைக்கதிர்வீச்சை அடியோடு கைவிட்டது.

மும்பை டாடாவில் சிகிச்சை முடிந்தவர்களுக்கென்றே 1991-இல் தனி கிளினிக் திறந்தார்கள். என் போன்ற சிற்றூர்ப் பிள்ளைகளை அப்படிக் கூப்பிட ஆளில்லை. கூப்பிட்டிருந்தாலும் எங்கள் வீட்டில் அனுப்பியிருப்பார்களா, தெரியாது. பெண்ணுக்குப் புற்றுநோய் இருந்ததென்றால் யார் கட்டுவார்கள்? மாப்பிள்ளை வீட்டில் மூச்சுவிடவில்லை. முதல் கர்ப்பத்தின் ஏழாம் மாதம் எனக்கு மூச்சு வாங்கியது. ரத்தசோகை என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். டாக்டரம்மாவிடம் மறைத்தது நாங்கள்தானே, அவர்களுக்கு இதயத்தை எக்கோ எடுக்க எப்படித் தோன்றும்?

மூச்சு மோசமானபின் அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய ஃபைலை எடுத்து வந்தாள். இதய மருத்துவர் அதில் அந்தச் சிவப்பு மருந்தான டானரூபிசின் போட்ட தேதிகளைத் தேடித்தேடி, அளவுகளைப் பக்க ஓரத்தில் கூட்டிப் பார்த்தார். மாத்திரை மாறியது. நானும் பிள்ளையும் பிழைத்தோம்.

அந்தக் கூட்டுத்தொகையைச் சிகிச்சை முடிந்த அன்றே ஒரே தாளில் எழுதிப் பெற்றோர் கையில் தரவேண்டும்: மருந்துகளின் மொத்த அளவு, கதிர்வீச்சு எங்கே, எவ்வளவு. கல்யாணப் பேச்சு வரும்போது அது மறைவில் இருக்கக்கூடாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பிழைத்தவர்கள் சிகிச்சை பெற்ற இடத்துக்குப் போய்ப் பழைய பதிவைக் கேளுங்கள். டாக்டரிடம் அதைக் காட்டி, எக்கோவும் தைராய்டு சோதனையும் வேண்டுமா என்று கேளுங்கள்.