நோய் தோன்றுமுன் நோயைத் தேடிய வரலாறு

நோயுற்றவர் மருத்துவரை நாடுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கு. நோயின் குறி ஏதுமின்றி நலமாய் நடமாடுவோரை மருத்துவம் தேடிச் சென்று சோதித்தல் புதிய வழக்கு. பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோயைப் பொறுத்தவரை இப்புதிய வழக்கு எவ்வாறு வந்தது, பெங்களூரில் வாழும் நமக்கு அதனால் ஆவது யாது என்பவற்றைச் சுருங்கக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண் நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர்தம் தங்கை இளமையிலேயே மலக்குடற் புற்றுநோய்க்கு இரையானார். அந்நோய் தொடக்கத்தில் சீதபேதி என்றே கருதப்பட்டது. உண்மை புலப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. உடன்பிறந்தவர் மருத்துவராக இருந்தும் உயிரைக் காக்க இயலவில்லை. அத்துயரே பின்னாளில் ஓர் அறப்பணிக்கு வித்தாயிற்று. 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் 12 படுக்கைகளோடு அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் எழுந்தது.

அத்தங்கையின் நோயில் ஒரு பாடம் உண்டு. இந்நோய் தன்னை வெளிப்படுத்தும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். வெளிப்படுத்திய பின்னரும் வேறு நோயின் வேடம் பூண்டிருக்கும். அங்ஙனமாயின், வெளிப்படுமுன்னரே தேடினால் என்ன?

தேடுவதற்கு இடமும் உண்டு. குடலின் உட்சுவரில் சிறு மொட்டுப்போல் எழும் தசை வளர்ச்சிகளுள் சில, பல்லாண்டுகள் கழித்துப் புற்றாக மாறுகின்றன. இலண்டன் புனித மாற்கு மருத்துவமனையில் கத்பர்ட் டியூக்சும் அவரோடு உழைத்தோரும் 1920களிலேயே இத்தொடர்பை ஆராய்ந்தனர். இம்மொட்டுகளும் புற்றும் கண்ணுக்குப் புலப்படாத அளவில் குருதி கசியச் செய்வதுண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் வளரும் குவாயாக்கம் என்னும் மரத்தின் பிசின், குருதி பட்ட இடத்தில் நீல நிறம் காட்டும் என்பதை ஒல்லாந்து அறிஞர் வான் டீன் 1864இல் எடுத்துரைத்திருந்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, அமெரிக்காவின் ஒகையோ மாநில மருத்துவர் டேவிட் கிரீகர், அப்பிசின் தோய்ந்த தாளைக் குறியற்றவர்களுக்குக் கொடுத்து, வீட்டிலேயே மலத்தைத் தடவி அனுப்பச் செய்தார். அவருடைய கட்டுரை 1967இல் வெளிவந்தது. 1969இல் நியூயார்க்கில் வுல்பும் ஷின்யாவும், வளையும் குழல்நோக்கியின் வழியே அம்மொட்டுகளை அறுத்தெடுக்கும் முறையைக் கண்டனர்.

ஆயினும், தேடுவதால் உயிர் பிழைக்கின்றதா என்ற வினா எஞ்சி நின்றது. மினசோட்டாவில் 46,551 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 1993இல் விடை பகர்ந்தது. ஆண்டுதோறும் மலச்சோதனை செய்துகொண்டோரிடையே இந்நோயால் நேரும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் எனக்கு இச்சோதனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நெடுநாள் இடர் தந்தது. நிலக்கரியையும் சரளையையும் சலிக்கும் பெருஞ்சல்லடைக்கும் அச்சொல்லே பெயர் என்று அகராதியிற் கண்டபின் பொருள் விளங்கிற்று. சல்லடையில் தங்கியதெல்லாம் கல்லன்று. கையிலெடுத்துப் பார்த்தே கல்லா, நொய்யா என்று முடிவு செய்கிறோம். மலச்சோதனையும் அத்தகையதே. குருதி தென்பட்டால் புற்று என்று அஞ்சவேண்டுவதில்லை. குழல்நோக்கியால் பார்த்தே துணிதல் வேண்டும். தென்படாவிடினும் ஒரு முறையோடு நின்றுவிடலாகாது.

இனி நம் நகரம். ரபி அகமது கித்வாயின் பெயர் தாங்கிய புற்றுநோய் நிலையம் 1973இல் பெங்களூரில் தோன்றியது. 1982 முதல் இந்நகர மக்களின் புற்றுநோய்ப் பதிவேட்டை அது பேணி வருகின்றது. சென்னையிலும் அக்காலத்திலேயே இத்தகைய பதிவு தொடங்கிற்று; பம்பாயில் அது 1963இலேயே தொடங்கியிருந்தது. இப்பதிவுகளால் மேலைநாடுகளைவிட இங்குக் குடற்புற்று குறைவு என்பது தெளிவாயிற்று. 2016இல் நடுவண் அரசு வகுத்த நெறிமுறைகள் 30 வயதுக்கு மேற்பட்டோர்க்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூவகைப் புற்றுகளுக்கே சோதனை விதித்தன. குடற்புற்று அவற்றுள் இடம்பெறாமைக்குக் காரணம் அதன் குறைந்த அளவும், சல்லடையில் தங்கியோர் அனைவரையும் குழல்நோக்கியால் பார்க்கவேண்டியிருக்கும் பெருஞ்செலவும் ஆகும் எனலாம்.

ஆயினும், நாட்டின் சராசரி வேறு, ஒரு குடும்பத்தின் நிலை வேறு. தாய், தந்தை, உடன்பிறந்தார் ஆகியோருள் ஒருவர்க்கு இந்நோய் வந்திருப்பின் நமக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காகும். அத்தகையோர் 40 வயதிலோ, அன்றி உறவினர்க்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னரோ சோதனையைத் தொடங்குதல் நன்று என்பது மருத்துவர் பலர் கூறும் அறிவுரை.

இங்குதான் ஊர்விட்டு வந்த நமக்கு ஒரு குறை உண்டு. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் மூன்று தலைமுறையாய் வாழ்வோரைக் கேளுங்கள். குலதெய்வம் எவ்வூரில் உள்ளது என்பர். பாட்டனார் எந்நோயால் மறைந்தார் என்று சொல்ல அறியார். "வயிற்றுக் கடுப்பு," "மூலம்" என்ற சொல்லோடு செய்தி ஊரிலேயே நின்றிருக்கும். அச்சொற்களுக்குப் பின்னே எது மறைந்திருந்தது என்பதை முத்துலட்சுமி அம்மையாரின் இல்லத்துத் துயர் நமக்கு உணர்த்துகின்றதன்றோ?

ஆதலின், அடுத்த முறை திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ ஊர் செல்லும்போது அத்தையிடமும் பெரியப்பாவிடமும் இதனைக் கேட்டு எழுதி வையுங்கள். மலத்தைச் சோதிப்பதில் நாணம் வேண்டா. ஒன்றை மட்டும் மறவாதீர்: இங்குச் சொன்ன தேடுதல் குறியற்றவர்க்கே உரியது. குருதி கண்டவரும், மலப்போக்கு மாறி வாரக்கணக்கில் நீடிப்பவரும் சோதனைத் தாளுக்குக் காத்திராது அன்றே மருத்துவரை அடைதல் வேண்டும். மூலம் என்று தாமே முடிவு கட்டி இருந்துவிடலாகாது.