தரங்கம்பாடிக் கோட்டையும் நம்ம கொடைக்கானலும்

போன மாதம் மகள் குடும்பத்தோடு தரங்கம்பாடி போய் வந்தேன். படங்களைப் பார்த்துவிட்டு, "வரலாறையும் எழுதுங்க சார்" என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

1620-இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து டென்மார்க்காரர்கள் இங்கே குடியேறினார்கள். வந்தது மிளகு வாங்க. அவர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. பிறகு ஊரைச் சுற்றியும் மதில் எழுப்பினார்கள். மதில் போய்விட்டது, 1792-இல் கட்டிய நுழைவாயில் மட்டும் மிச்சம். ராஜ வீதிக்கு இப்போதும் அதன் வழியாகத்தான் போகிறோம். மதில் மனிதர்களைத்தான் தடுத்தது. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

வாத்தியார் புத்தி, என் மனம் வேறு இடத்தில் நின்றது. 1706-இல் சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் வந்திறங்கினார். வயது 23. ஒரு வயதான திண்ணைப்பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ' எழுதிப் பழகினார். டேனிஷ் அதிகாரியோடு தகராறு முற்றி, 1708-இல் அதே கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்தார். 1715-இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கேயே அச்சாகி முடிந்தது. பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள்.

சீகன்பால்குக்குச் சிலை இருக்கிறது. சந்தோஷம். ஆனால் மணலைப் பரப்பி விரலைப் பிடித்த அந்த வாத்தியாருக்கு, நான் சுற்றிய இடத்தில் ஒரு கல்வெட்டுக்கூடக் கண்ணில் படவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பது வருஷத்துக்கு மேல் 'அ' சொல்லிக்கொடுத்தவனுக்கு அது உறுத்தாதா?

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். வியாபாரம் படுத்துப்போய், 1845-இல் தரங்கம்பாடியையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். அதே 1845-இல்தான், மதுரையில் காய்ச்சலுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். இங்கே மதில் இல்லை, பீரங்கி இல்லை. அதற்குள் கம்பெனி ஆட்சி அவ்வளவு வேரூன்றிவிட்டது. எதிரியாக மிஞ்சியது காய்ச்சல் ஒன்றுதான்.

மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் துரைமாரும் துரைசானிமாரும் பெரியகுளம் பக்கமிருந்து செங்குத்துப் பாதையில் ஏறினார்கள். ஏறினார்கள் என்றா சொல்வது? பலரை டோலியில் தூக்கிக்கொண்டு ஏறியது நம் ஆட்கள். பெரியகுளம், செண்பகனூர்ப் பிள்ளைகளே, உங்கள் வீட்டில் பாட்டனார், பூட்டனார் டோலி சுமந்த கதை யாராவது சொல்லிக் கேட்டிருந்தால், அவர்கள் பெயரோடு கீழே எழுதுங்கள். நான் நோட்டில் குறித்து வைக்கிறேன்.