முத்துக் குத்தகையும் காற்றாலை ஒப்பந்தமும்

சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கடலின் முத்துப் பார்கள் ஒரு காலத்தில் உலகறிந்தவை. 1905 முத்துக்குளிப்பில் மாத்திரம் அரசுக்குச் சுமார் 25 இலட்சம் ரூபாய் வருமானம். மறுவருடமே லண்டன் கம்பனியொன்று வருடத்துக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 வருடக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி கைவிட்டது. தவணை முடியுமுன்னரே கம்பனி கலைந்தது.

2024 மே மாதம் மன்னார், பூநகரி காற்றாலைகளுக்காக அதானி கம்பனியிடம் ஓர் அலகு 8.26 அமெரிக்க சதத்துக்கு மின்சாரம் வாங்க அமைச்சரவை அனுமதித்தது. அதுவும் 20 வருடம். பறவைகளின் வழித்தடம், விலை பற்றி உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் விழுந்தன. நவம்பரில், இந்திய சூரிய மின் ஒப்பந்தங்களில் இலஞ்சம் என அமெரிக்காவில் கௌதம் அதானி மீது குற்றச்சாட்டு. அவரது குழுமம் மறுத்தது. புதிய அரசு விலையை மீளாய்வுக்கு எடுத்தது. 2025 பெப்ரவரியில் கம்பனி விலகியது.

கம்பனிகள் வரும், போகும். கடலும் கரையும் விட்டு நாம் எங்கே போவது? வழக்கும் விசாரணையும் கையெழுத்துக்குப் பிறகுதான் வருகின்றன. நாம் அதற்கு முன்னரே கேட்போம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எமக்கும் உரியது. ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்டு வாங்கி வாசிப்போம்.