வான்கோழியின் கால்

வீட்டில் செல்லமாக வளர்க்கப்படும் வான்கோழிக்கு வரும் நோவுகளில் காலைப் பற்றியவை முன்வரிசையில் நிற்பவை. குஞ்சுப் பருவத்தில் கால்கள் இரு பக்கமும் விரிந்துபோதல், வளரும் பருவத்தில் மூட்டு வீங்கித் திருகுதல், முழு வளர்ச்சி அடைந்தபின் எழ முடியாமல் உட்கார்ந்துவிடுதல் என்று வயதுக்கு ஒன்றாக அவை வருகின்றன. ஆனால் வட அமெரிக்கக் காடுகளில் இன்றும் வாழும் காட்டு வான்கோழியோ ஆபத்து வந்தால் பறப்பதைவிட ஓடுவதையே முதலில் நாடுவது. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம் வரை ஓடக்கூடியது. ஓட்டத்துக்கென்றே அமைந்த காலைக் கொண்ட பறவை எப்படி நிற்கவே தடுமாறும் பறவையானது என்பதற்கு விடையை நோய்களின் பட்டியலில் தேடுவதைவிட அதனை வளர்த்த மனிதரின் தொழில் வரலாற்றில் தேடுவதே பொருத்தம்.

மெக்சிகோவில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வான்கோழி வீட்டுப் பறவையாகிவிட்டது. இன்றைய ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கில் வாழ்ந்த பியூப்லோ மக்களின் முன்னோரும் அதனைத் தனியே பழக்கினர். ஆனால் நீண்ட காலம் அவர்கள் அதனை இறைச்சிக்காக வளர்க்கவில்லை, இறகுக்காகவே வளர்த்தனர். யூட்டாவின் தென்கிழக்கில் கிடைத்த, சுமார் எண்ணூறு ஆண்டுப் பழமை வாய்ந்த போர்வை ஒன்றில் ஏறக்குறைய 11,500 இறகுகள் நாரில் சுற்றப்பட்டுள்ளன என்று அதனை ஆராய்ந்தோர் 2020இல் கணக்கிட்டனர். உயிருள்ள பறவையிடமிருந்து ஆண்டுதோறும் முதிர்ந்த இறகைச் சேகரிப்பவருக்கு அப்பறவை பல ஆண்டுகள் நலமாக நடமாடியாக வேண்டும். அகழாய்வுகளில் கிடைத்த வான்கோழி எலும்புகளில் முறிந்து மீண்டும் கூடியவையும் உள்ளன என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். கால் ஒடிந்ததும் கழுத்தைத் திருகிவிடும் வழக்கம் இருந்திருந்தால் எலும்பு கூடுவதற்குக் காலம் கிடைத்திராது.

ஸ்பானியர் வழியே பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவை அடைந்த இப்பறவை, கடல்வழி வணிகத்தில் இந்தியாவுக்கும் வந்தது. 1612இல் கோவாவிலிருந்து முகர்ரப் கான் கொண்டுவந்த வான்கோழியை ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் வியப்போடு வருணித்ததும், அரசவை ஓவியர் மன்சூர் அதனை வரைந்ததும் நன்கு அறியப்பட்டவை. அங்கே அது கண்காட்சிப் பொருள். எடைபோட்டு விற்கப்படும் சரக்கு அன்று.

சரக்காக அது மாறியது இங்கிலாந்தில். நார்ஃபோக், சஃபோக் ஆகிய கிழக்குப் பகுதிகளில் வளர்ந்த வான்கோழிகள் லண்டன் சந்தைக்குச் செல்ல நூறு மைல் அளவிலான தொலைவை நடந்தே கடக்க வேண்டியிருந்தது. 1724 முதல் 1727 வரை வெளிவந்த தம் பயண நூலில் டேனியல் டீஃபோ இதற்கொரு கணக்குத் தருகிறார்: ஸ்டவர் ஆற்றின் மேலுள்ள ஸ்ட்ராட்ஃபோர்டு பாலத்தை ஒரே பருவத்தில் முந்நூறு மந்தைகள் கடந்தன, மந்தைக்கு முந்நூறு முதல் ஆயிரம் பறவைகள், சராசரி ஐந்நூறு என்று கொண்டாலும் 1,50,000 ஆகிறது. வாத்து மந்தைகளைப் பற்றியும் அவர் எழுதுகிறார். அறுவடை முடிந்த ஆகஸ்டில் அவை தாளடிகளை மேய்ந்துகொண்டே புறப்படும். அக்டோபர் இறுதியில் சாலை சேறாகி அவற்றின் அகன்ற பாதத்துக்கும் குட்டைக் காலுக்கும் ஒவ்வாமல் போகும்போது ஓட்டம் நின்றுவிடும். வாத்தின் பாதத்தைத் தாரிலும் மணலிலும் தோய்த்து நடத்தினர் என்றும், வான்கோழிக்குத் தோலுறை அணிவித்தனர் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தோலுறைக் கதை எந்த அளவு உண்மையாயினும், வழியில் நொண்டிய பறவை விலைபோகாது என்பது ஓட்டியவனுக்கும் வளர்த்தவனுக்கும் தெரிந்தே இருந்திருக்கும். ஆகவே இந்த நெடுநடையே பறவைகளைச் சலித்தெடுக்கும் சல்லடையாகவும் இருந்தது என்று கருத இடமுண்டு. அதே நூலில் டீஃபோ பறவைகளை அடுக்கடுக்காக ஏற்றிச் செல்ல நான்கு தட்டுகள் கொண்ட புதுவகை வண்டிகளையும் குறிப்பிடுகிறார். பின்னாளில் நிகழவிருந்த மாற்றத்தின் முதல் அறிகுறி அந்த வண்டிதான்.

அமெரிக்காவிலும் நடை ஓட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் நீடித்தது. பின்னர் அரிசோனாவில் பெரும் கால்நடைப் பண்ணையாளராக விளங்கிய ஹென்றி ஹூக்கர், 1866இல் கலிபோர்னியாவின் பிளேசர்வில்லிலிருந்து ஐந்நூறு வான்கோழிகளைச் சியெரா நெவாடா மலையைத் தாண்டி நெவாடாவின் கார்சன் நகருக்கு ஓட்டிச் சென்று நல்ல இலாபத்துக்கு விற்றார். வழியில் மந்தை செங்குத்துப் பாறை விளிம்பை அடைந்து, நாய்கள் நெருக்கியதும் பறந்து கீழே இறங்கிவிட்டதாக அக்கதை கூறுகிறது. அன்றைய வளர்ப்புப் பறவை நடக்கவும் பறக்கவும் வல்லதாகவே இருந்தது என்பதற்கு இது சான்று.

இரயிலும் குளிர்பதனமும் வந்தபின் நடை தேவையற்றதாயிற்று. நடக்க வேண்டாத பறவையின் காலுக்கு விலையும் இல்லாமற் போயிற்று. 1920களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் குடியேறிய ஜெஸ்ஸி த்ராஸல் கொண்டுவந்த அகன்ற மார்புள்ள பறவைகளை அமெரிக்க வெண்கல நிற இனத்தோடு கலந்து, மார்பகன்ற வெண்கல வான்கோழி உருவாக்கப்பட்டது. அதன் வழியில் வந்த வெள்ளை இனமே இன்று பண்ணைகளை ஆள்கிறது. 1929இல் அமெரிக்கப் பண்ணை வான்கோழியின் சராசரி உயிரெடை ஆறு கிலோ. இன்று அது பதினான்கு கிலோ அளவில் நிற்கிறது. சேவல் பெட்டையோடு இயல்பாகக் கூட இயலாத அளவு மார்பு பருத்ததால், 1960களுக்குள் செயற்கை முறைக் கருவூட்டலே பண்ணைகளின் பொது வழக்காயிற்று. மார்புத் தசை பெருக்கும்போது உடலின் ஈர்ப்பு மையம் முன்னோக்கி நகர்கிறது என்றும், அதற்கேற்பக் கால் மாறாததால் பறவை நிற்பதே சுமையாகிறது என்றும் 1993இல் பிரெஞ்சு ஆய்வாளர் அனிக் அபூராஷிட் விளக்கினார்.

கூண்டு வளர்ப்பு வேறொரு நோயையும் வெளிக்கொணர்ந்தது. பறவையின் காலில் பின்னோக்கி மடங்குவதாகத் தோன்றும் மூட்டு முழங்கால் அன்று, கணுக்கால். கெண்டைத் தசையிலிருந்து வரும் தடித்த தசைநார் அம்மூட்டின் பின்புறப் பள்ளத்தில் அமர்ந்து பாதத்தை இழுக்கிறது. பெரோசிஸ் எனப்படும் நோயில் வளரும் குஞ்சின் மூட்டு வீங்கித் தட்டையாகி, பள்ளம் ஆழமிழந்து, தசைநார் பக்கவாட்டில் நழுவ, கீழ்க்கால் பக்கவாட்டில் திருகிக்கொள்கிறது. எலும்புத் தூளை மிகுதியாகச் சேர்த்த தீவனம் நோயைத் தணிப்பதற்கு மாறாகக் கூட்டியதும், அரிசித் தவிடு சேர்த்தால் தணிந்ததும் ஆய்வாளரைக் குழப்பின. 1936இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்கஸ், நாரிஸ், ஹோய்சர் மூவரும் கோழிக் குஞ்சுகளில் செய்த சோதனைகளால் குறைபாடு மாங்கனீசு என்று கண்டபோது இரண்டும் விளங்கின: தவிட்டில் மாங்கனீசு மிகுதி, எலும்புத் தூளின் கால்சியமும் பாஸ்பரசும் அதனை உடல் ஏற்காமல் தடுப்பவை. 1940இல் தாமஸ் ஜூக்ஸ், வான்கோழிக் குஞ்சுக்குக் கோலின் என்னும் சத்தும் தேவை என்று காட்டினார். வெயிலில் மேய்ந்து பூச்சி தின்ற குஞ்சுக்கு இவற்றை எவரும் அளந்து கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

தீவனம் திருந்தியபின்னும் எடையின் சிக்கல் தீரவில்லை. ஓஹையோவில் கார்ல் நெஸ்டர் பல தலைமுறைகளாகப் பதினாறு வார எடையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்த வான்கோழி வரிசையில் நடை தளர்ந்தது. அவ்வரிசையிலிருந்து காலெலும்பின் அகலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கிளையில் நடை சீர்பட்டது. காலைக் கவனித்தால் கால் திருந்தும் என்பது இதனால் உறுதியாயினும், வணிகத் தேர்வில் எடையே முன்னுரிமை பெற்றது. பண்ணைப் பறவை ஐந்து மாதங்களுக்குள் வெட்டப்படுவதால் அதற்குமேல் கால் தாங்குமா என்ற கேள்வி அங்கே எழுவதேயில்லை.

அக்கேள்வி எழுவது அப்பறவை உயிர்பிழைக்கும்போதுதான். 1989இல் ஜார்ஜ் புஷ் முறைப்படி தொடங்கிய வெள்ளை மாளிகை மன்னிப்புச் சடங்கில் விடுவிக்கப்பட்ட வான்கோழிகளில் பல ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்துபோயின. விடுவிக்கப்பட்ட பண்ணைப் பறவையைச் செல்லமாக ஏற்போர் அதற்கு வயிறாரத் தீனி கொடுப்பதே பெரும்பாலும் அதன் காலை முடக்குகிறது. குஞ்சுத் தீவனத்தில் இருபத்தெட்டு விழுக்காடு வரை இருக்கும் புரதத்தை வயதுக்கேற்பக் குறைத்தும், தீனியை அளந்தும், கீரையைக் கூட்டியும் அவர்கள் எடையைக் கட்டுப்படுத்த வேண்டியுள்ளது. உயரமான பரணிலிருந்து குதிக்கும் பறவையின் பாதத்தில் நைவு ஏற்பட்டு, ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி புகுந்து சீழ்க்கட்டி உண்டாவதைத் தடுக்கத் தாழ்ந்த, அகன்ற பரணும் உலர்ந்த தடித்த கூளமும் அமைக்கப்படுகின்றன. வழுக்கும் செய்தித்தாள் மீது விடப்பட்ட குஞ்சின் கால் விரிந்துபோனால், முதல் சில நாட்களுக்குள் இரு கால்களையும் இயல்பான இடைவெளியில் மென்மையான பட்டையால் இணைத்து, பிடிப்புள்ள துணிமீது நடக்கவிடுவது பலன் தருகிறது. நாட்கள் கடந்தால் எலும்பு அந்தக் கோணத்திலேயே இறுகிவிடுகிறது.