ஆறு கஞ்சாச் செடிகளும் அமெரிக்க சமஷ்டியும்

சமஷ்டி என்றதும், மத்திக்கும் மாநிலத்துக்கும் இடையே அதிகாரங்கள் கோடு கிழித்தாற்போலப் பிரிந்திருக்கும் என்றே நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் கஞ்சாச் சட்டங்களைப் படித்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

1970 ஆம் ஆண்டு நிறைவேறிய மத்திய சட்டம் கஞ்சாவை ஹெரோயினுடன் சேர்த்து முதலாம் பட்டியலில் வைத்தது. மருத்துவப் பயன் எதுவும் இல்லாதவை எனக் கருதப்பட்ட போதைப் பொருட்களுக்குரிய பட்டியல் அது. ஆனால், 1996 இல் கலிபோர்னியா வாக்காளர்கள் கஞ்சாவை மருந்தாகப் பாவிப்பதற்கு அனுமதி வழங்கினர்.

மோதல் 2002 ஓகஸ்ட்டில் ஒரு வீட்டு வாசலுக்கு வந்தது. கலிபோர்னியாவில் நோயாளிப் பெண்மணி ஒருவர் ஆறு செடிகள் வளர்த்திருந்தார். அங்கு வந்த உள்ளூர் அதிகாரிகள், மாநிலச் சட்டப்படி அது குற்றமன்று என்றனர். உடன் வந்த மத்திய முகவர்களோ, மூன்று மணி நேர இழுபறியின் பின்னர் அச்செடிகளைக் கைப்பற்றி அழித்தனர். ஒரே செடி, ஓர் அரசின் கண்ணில் மருந்து; மற்றைய அரசின் கண்ணில் குற்றம்.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2005 இல், ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் மத்திய அரசு வென்றது. தன் பண்ணைத் தேவைக்காகக் கோதுமை விளைவித்த விவசாயியையும் மத்திய அரசு கட்டுப்படுத்தலாம் என்ற 1942 ஆம் ஆண்டுத் தீர்ப்பே இதற்கு ஆதாரமாயிற்று. மாறுபட்ட தீர்ப்பளித்த நீதியரசர் சான்ட்ரா டே ஓ'கொனர், தாம் கலிபோர்னியா வாக்காளராக இருந்திருப்பின் இச்சட்டத்தை ஆதரித்திருக்கமாட்டேன் என்றார். ஆயினும், அதனைப் பரீட்சித்துப் பார்க்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என அவர் வாதாடினார். சமஷ்டி உணர்வு என்று நான் கருதுவது இதனைத்தான்.

தீர்ப்பு வந்த பின்னரும் மாநிலங்கள் பின்வாங்கவில்லை. மத்திய சட்டத்தை அமுல்படுத்துமாறு மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1997 இல் அதே நீதிமன்றம் கூறியிருந்தது. மத்திய அரசிடமோ, ஒவ்வொரு ஊரிலும் சோதனை நடத்தப் போதிய ஆளணி இல்லை. 2012 நவம்பரில் கொலராடோவும் வொஷிங்டன் மாநிலமும் பொழுதுபோக்குப் பாவனையையும் சட்டபூர்வமாக்கின. 2023 இறுதிக்குள் அவ்வாறு செய்த மாநிலங்களின் தொகை 24 ஆகியது.

இம்மாநிலங்களை நம்பி முதலிட்டவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு எத்தகையது? 2013 ஓகஸ்ட்டில் பிரதிச் சட்டமா அதிபர் ஜேம்ஸ் கோல், மாநில ஒழுங்குவிதிகளுக்கு அமைய நடப்போர்மீது வழக்குத் தொடுப்பது முன்னுரிமையன்று என்று சுற்றுநிருபம் அனுப்பினார். 2018 ஜனவரியில் சட்டமா அதிபர் ஜெஃப் செஷன்ஸ் அதனை ஒரே கடிதத்தால் இரத்துச் செய்தார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்தார். சட்டம் அப்படியே இருந்தது. வங்கிகளும் அஞ்சி ஒதுங்கியதால், வியாபாரிகள் பணக்கட்டுகளைச் சுமந்து வரி செலுத்தச் சென்றனர்.

அங்குள்ள நம்மவர்களுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. குடியுரிமை வழங்குவது மத்திய அரசு. மாநிலம் அனுமதித்த கஞ்சாப் பாவனையும், அக்கடைகளில் வேலை செய்வதும்கூடக் குடியுரிமைக்குத் தடையாகலாம் என்று 2019 ஏப்ரலில் குடிவரவுத் துறை அறிவுறுத்தியது. கடையில் வரியுடன் பற்றுச்சீட்டுப் பெற்று வாங்கியவரும் விண்ணப்பப் படிவத்தின் முன் குற்றவாளியாக நிற்க நேரிடலாம்.

இலங்கையில், 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரத்தை எழுத்தில் வழங்கியது, நடைமுறையில் வழங்கவில்லை. அமெரிக்காவிலோ, எழுத்தில் மறுக்கப்பட்டது நடைமுறையில் அனுமதிக்கப்பட்டது. இரண்டிலும் சாதாரண மனிதனின் உரிமை, மத்தியில் இருப்பவரின் மனநிலையிலேயே தங்கியிருந்தது. அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசுவோர், பட்டியலில் என்ன இருக்கின்றது என்பதுடன், அதனை மீளப்பெற யாரால் முடியும் என்பதையும் கேட்கவேண்டும்.