கசப்பைச் சொல்லும் உரிமை: சீனப் புனைகதையில் ஊரும் குடும்பமும்

சீனத்தில் நிலச்சீர்திருத்தம் நடந்த ஆண்டுகளில் ஊர்தோறும் ஒருவகைக் கூட்டம் நடந்தது. கட்சி ஊழியர்கள் ஏழை உழவர்களை மேடையேற்றி, நிலவுடைமையாளரின் முகத்துக்கு நேராகத் தங்கள் துயரத்தைச் சொல்லச் செய்தார்கள். 'சூகூ' என்று அதற்குப் பெயர். கசப்பைக் கொட்டுதல் என்று சொல்லலாம். தலைமுறைகளாக வாய் திறவாதவர்கள் பேசினார்கள். அதை நாம் சிறிதென்று எண்ணக் கூடாது. ஆனால் எது துயரம், கதையை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதையும் ஊழியர்களே சொல்லிக்கொடுத்தார்கள். 1949-க்கு முன் கசப்பு, பின்பு இனிப்பு. 1959 முதல் 1961 வரை கோடிக்கணக்கானோரைக் கொன்ற பஞ்சத்துக்கு அந்தக் கதையில் இடம் இல்லை.

கூடவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் வர்க்க முத்திரை குத்தப்பட்டது: நிலவுடைமையாளர், பணக்கார உழவர், நடுத்தர உழவர், ஏழை உழவர், கூலி. நிலம் கைமாறிய பிறகும் முத்திரை மாறவில்லை. தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கி, படிப்பையும் வேலையையும் திருமணத்தையும் தீர்மானித்தது. பிறப்பைக் கொண்டு மனிதரை அளப்பதை எதிர்த்து எழுதிய யூ லுவோக்கே 1970-இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. இதைச் சாதியோடு சமன்படுத்த நாம் விரும்பவில்லை. அந்த முத்திரை 1979-இல் பெரும்பாலும் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பிறப்பு முத்திரை ஒருவரை என்ன செய்யும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளில் எழுத வந்தவர்கள் இந்த மேடைக்கதையைத்தான் உடைத்தார்கள். மோ யான் 1955-இல் ஷான்டோங் மாகாணத்தின் கவோமியில் நடுத்தர உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பண்பாட்டுப் புரட்சியின்போது பள்ளியை விட்டு மாடு மேய்த்தவர். 'பேசாதே' என்பதுதான் அந்தப் புனைபெயரின் பொருள். அவரது 'சிவப்புச் சோளம்' ஜப்பானியர் படையெடுப்புக் காலத்தைச் சொல்கிறது. பாடநூலில் அந்த எதிர்ப்பின் நாயகன் கட்சி. நாவலிலோ, கதைசொல்லி 'என் தாத்தா' என்று அழைக்கும் ஒரு பல்லக்குத் தூக்கி. கொலையும் கொள்ளையும் செய்தவன், ஜப்பானியரை எதிர்த்தும் நின்றவன். தேசத்தின் வரலாறு பாட்டியின் சாராய ஆலை வழியாக நடந்துபோகிறது.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி, யாருடைய தாத்தா என்பது. யூ ஹுவாவின் 'வாழ்தல்' நாவலில் துன்பப்படும் ஃபூகுய், சூதில் சொத்தை இழந்த நிலவுடைமையாளரின் மகன். மோ யானின் 2006 நாவல் ஒன்றில் சுட்டுக்கொல்லப்பட்ட நிலவுடைமையாளர் கழுதை, எருது, பன்றி, நாய், குரங்கு என மறுபிறவி எடுத்துத் தன் கதையைச் சொல்கிறார். அவருடைய பண்ணையாளாக இருந்த லான் லியன், கூட்டுப்பண்ணையில் சேர மறுத்துக் கடைசிவரை தனியாக உழுகிறான். அந்த நாவலின் உறுதியான மனிதன் அவன்தான். அவன் மகனுக்குக்கூடக் கதை சொல்லும் வாய்ப்புக் கிடைக்கிறது, அவனுக்கு இல்லை. மேடைக்கதையைக் கலைத்த அவசரத்தில், மேடையேறிய கூலியின் குரலும் மறுபடி அமுங்கிவிட்டதாகவே நமக்குப் படுகிறது. (இலக்கியம் கட்சிக்குப் பணிய வேண்டும் என்ற மாவோவின் 1942 யெனான் உரையைக் கையால் படியெடுத்த எழுத்தாளர்களில் மோ யானும் ஒருவர். நோபல் பரிசு பெற்ற அதே 2012-இல்.)

யான் லியான்கே வேறு இடத்தில் நிற்கிறார். 1958-இல் ஹெனான் மாகாணத்தில் ஏழை உழவர் வீட்டில் பிறந்து, ஊரை விட்டு வெளியேற ராணுவத்தில் சேர்ந்தவர். தொண்ணூறுகளில் ஹெனான் கிராமங்களில் அதிகாரிகளின் ஊக்குவிப்போடு ரத்த வியாபாரம் நடந்தது. பலருடைய ரத்தத்தை ஒன்றாகக் கலந்து பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்தார்கள். மிஞ்சிய சிவப்பணுக்களைத் திரும்ப அவர்கள் உடம்பிலேயே ஏற்றினார்கள். சீக்கிரமே மறுபடி விற்கலாம் அல்லவா! எச்ஐவி ஊர் ஊராகப் பரவியது. அதை வெளியே சொன்ன மருத்துவர் காவோ யாவோஜியே தொல்லைக்கு ஆளாகி 2009-இல் அமெரிக்கா போனார். 2023-இல் அங்கேயே இறந்தார்.

யான் லியான்கேயின் 'டிங் கிராமத்துக் கனவு' (2006) நாவலைச் சொல்பவன் இறந்துபோன 12 வயதுச் சிறுவன். அவன் அப்பாதான் ஊரின் ரத்தத் தரகர். ஆத்திரம் கொண்ட ஊர், பிள்ளைக்கு விஷம் வைத்தது. முன்னோரைப் பற்றிய பெருமிதம் இந்த நாவலில் இல்லை. குற்றம் செய்த வீட்டுக்குள்ளிருந்தே ஊரின் வரலாறு சொல்லப்படுகிறது. இறப்பவர்களுக்கு அரசு இலவசமாகத் தந்த சவப்பெட்டிகளையும் அந்த அப்பா விற்றுக் காசாக்குகிறார். வெளியான சிறிது காலத்திலேயே புத்தகத்தின் விற்பனை தடுக்கப்பட்டது.