வேகன் துயரம்: விசாரணையும் பொறுப்பும்

மங்கலம்பேட்டையில் ஸீரத் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் நம்மிடம் வினவினார்: "களத்தில் படைத்தளபதி இழைத்த தவறுக்கு அவரை அனுப்பியவர் பொறுப்பாவாரா, ஹஜ்ரத்?" விடை கூறுமுன் போத்தனூர் ரயில் நிலையத்தில் நிகழ்ந்த ஒரு துயரத்தை அவருக்கு எடுத்துரைத்தோம்.

1921 ஆகஸ்டில் மலபாரில் மாப்பிள்ளைக் கிளர்ச்சி மூண்டது. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அரசருக்கு எதிராகப் போர் தொடுத்ததாகப் பலர்மீது குற்றம் சாட்டப்பட்டது. கிளர்ச்சியாளருள் சிலர் அப்பாவி இந்துக்களுக்குக் கொடுமை இழைத்ததும் உண்மையே. எனினும், கைதியாகிவிட்டவரின் உயிர், அவரைப் பிடித்தவர் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அன்றோ?

மலபார்ச் சிறைகள் நிரம்பி வழிந்தமையால், நவம்பர் 19 மாலை 100 கைதிகள் திரூரிலிருந்து பல்லாரிக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் அடைக்கப்பட்டது மூட்டைமுடிச்சுகளை ஏற்றும் வேகன் ஒன்றில். காற்று வருவதற்கான வலைத் துளைகளைப் புதிய வண்ணப்பூச்சும் தூசியும் அடைத்திருந்தன. கதறல் எழுந்தும் வழியில் கதவு திறக்கப்படவில்லை. நள்ளிரவுக்குப்பின் போத்தனூரில் திறந்தபோது 56 பேர் பிணமாகக் கிடந்தனர். இறந்தோர் தொகை பின்னர் 70 ஆயிற்று. அவர்களுள் இந்துக்கள் சிலரும் இருந்தனர்.

சென்னை அரசாங்கம் ஏ.ஆர். நாப் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. இந்தியரும் அதில் இடம்பெற்றனர். வேகனின் துளைகள் நுணுகி ஆராயப்பட்டன. அதைக் கொடுத்த ரயில்வே ஊழியரின் தவறும், காவலுக்குச் சென்ற சார்ஜண்டின் கவனக்குறைவும் சுட்டப்பட்டன. ஆனால் மனிதரைச் சரக்கு வேகனில் அனுப்பும் வழக்கமே கொடுமையானது என்று குழு கருதவில்லை. அதற்கு முன்பும் பலமுறை கைதிகள் அவ்வாறே அனுப்பப்பட்டிருந்தனர். சார்ஜண்ட் ஆண்ட்ரூஸ் மீது தொடரப்பட்ட வழக்கிலும் அவர் விடுவிக்கப்பட்டார். இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 300 ரூபாய் வழங்கப்பட்டது. அம்முறையை வகுத்த மேலதிகாரிகள் எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை.

இனி ஸீரத்தை நோக்குவோம். ஹிஜ்ரி 8இல், மக்கா வெற்றிக்குப்பின், காலித் பின் வலீத் (ரலி) பனூ ஜதீமா குலத்தாரிடம் அழைப்புப் பணிக்காக அனுப்பப்பட்டார்கள். அம்மக்கள் இஸ்லாத்தை ஏற்றதைத் தெரிவிக்கக் கூறிய சொல் பிறழ உணரப்பட்டது. சிலர் கொல்லப்பட்டனர். எஞ்சிய கைதிகளையும் கொல்லுமாறு ஆணை பிறந்தபோது, இப்னு உமர் (ரலி) அவர்களும் தோழர்களும் மறுத்துவிட்டனர். செய்தி எட்டியதும் நபிகள் நாயகம் (ஸல்) கரங்களை உயர்த்தி, காலித் செய்ததிலிருந்து தாம் விலகியவர் என்று இறைவனிடம் இருமுறை முறையிட்டார்கள். அத்துடன் அமையாமல், அலீ (ரலி) அவர்களைப் பொருளுடன் அனுப்பிவைத்தார்கள். ஒவ்வோர் உயிருக்கும் ஈட்டுத்தொகை அளிக்கப்பட்டது. நாய் நீரருந்தும் கலத்திற்குக்கூட விலை தரப்பட்டது. அறியாமல் விடுபட்ட இழப்பு ஏதேனும் இருக்கலாம் என்று மிஞ்சிய பொருளும் அவர்களுக்கே கொடுக்கப்பட்டது.

காலித் (ரலி) பொருளுணர்வதில் பிழைத்தார்கள் என்றே அறிஞர் பலர் கொள்வர். அவர்கள் தலைமையிலிருந்து நீக்கப்படவும் இல்லை. ஆனால் பிழை என்பதால் இழப்பு மறைக்கப்படவில்லை; அனுப்பிய தலைமையே அதனை ஏற்றது.

இரு நிகழ்வுகளிலும் பணம் வழங்கப்பட்டது. ஒன்றில் அது கோப்பை மூடிவைக்க உதவியது. மற்றொன்றில் தவறு நம்முடையது என்ற ஒப்புதலோடு சென்றது. எனவே அம்மாணவருக்கு, "ஆம், அனுப்பியவரும் பொறுப்பாளரே. தவறான ஆணைக்குப் பணிந்தவரும் தப்ப இயலாது என்பதற்கு இப்னு உமரின் (ரலி) மறுப்பே சான்று" என்று விடை பகர்ந்தோம்.